"நீ அடிச்சியா?" "இல்ல சார்." விசாரணை முடிஞ்சது!

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் தலை வைக்க முடியல. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இது சீரியஸ் பதிவு. கொஞ்சம் நீளமும் கூட. பாதியில ஓடிடாதீங்க.

என் சித்தி பையன் ஒருத்தன் இருக்கான். எனக்குத் தம்பி முறை, வயசு 24. பேச்சு வராது. அறிவுசார் குறைபாடு, கூடவே ஆட்டிசம். சித்தப்பா தவறினதுக்கு அப்புறம் சித்தி வேலைக்குப் போயாகணும், வீட்ல இவனைப் பார்த்துக்க ஆள் இல்ல. ரெண்டு வருஷமா ஒரு தனியார் இல்லத்துல இருக்கான். இல்லத்தோட பேர், ஊர் எல்லாம் இங்க வேண்டாம், கேக்காதீங்க.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சித்தியோட நானும் போயிருந்தேன். சட்டை மாத்தி விடும்போது பார்த்தா, இடது புஜத்தோட உள்பக்கம் வரிசையா நாலு இடத்துல கன்னிப்போயிருக்கு. எதிர்ப்பக்கம் ஒண்ணு. சித்தி சத்தம் போடாம தன் கையை அது மேல வெச்சுப் பார்த்தாங்க. நாலு விரலும் கட்டை விரலும். விரல் அளவுதான் பெருசு.

வார்டனைக் கேட்டோம். "ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டான்"னார். இவனுக்கு ஃபிட்ஸே கிடையாது, ஃபைல்லயும் அப்படி எதுவும் இல்ல. அதைச் சொன்னதும், "அப்ப இன்னொரு பையன் புடிச்சு இழுத்திருப்பான்". நான் கொஞ்சம் குரலை உசத்தினதும் நிர்வாகி வந்தார். ரொம்ப மரியாதையாத்தான் பேசினார், அதையும் சொல்லிடணும். "தம்பி, நாங்க எதையும் மறைக்க மாட்டோம், உங்க முன்னாடியே விசாரிக்கறோம்"னு அந்த ஷிஃப்ட்ல இருந்த மூணு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"நீ அடிச்சியா?"

"இல்ல சார்."

"நீ?"

"இல்ல சார்."

மூணாவது ஆளும் அதே. நிர்வாகி எங்களைப் பார்த்துக் கையை விரிச்சார். மொத்தம் அஞ்சு நிமிஷம் இருக்கும்.

இந்த அஞ்சு நிமிஷமும் தம்பி அதே ரூம்லதான் இருந்தான். சித்தியோட முந்தானை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கிட்டு. ஒருத்தரும் அவன் பக்கம் திரும்பல. ஆனா நான் ஒண்ணைப் பார்த்தேன். முதல் ரெண்டு பேர் உள்ள வந்தப்ப அவன் கண்டுக்கல. மூணாவது ஆள் வந்ததும் எழுந்து சித்தி நாற்காலிக்குப் பின்னாடி போய், ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டான்.

அந்த ஆள்தான் செஞ்சார்னு நான் சொல்லல. ஒருவேளை அவர் குரல் பெருசா இருக்கலாம், முந்தின நாள் திட்டியிருக்கலாம், வேற ஏதோ காரணம் இருக்கலாம். ஆனா ஒரு விசாரணைன்னா அந்த நிமிஷத்துலதானே ஆரம்பிக்கணும்? அந்த நிமிஷத்துல முடிஞ்சுது. ரெஜிஸ்டர்ல என்ன எழுதினாங்க தெரியுமா? "பெற்றோர் புகார். விசாரிக்கப்பட்டது. ஆதாரம் இல்லை."

பஸ்ல வரும்போது சித்தி சொன்னாங்க: "விடுடா. ரொம்பக் கேட்டா கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் நான் எங்க போவேன்?"

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த மாதிரி புகாரை மத்த நாட்டுல எப்படி விசாரிக்கறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். நம்ம ஊர்லதான் இப்படி, வெள்ளைக்காரன் ஊர்ல எல்லாம் ஒழுங்கா இருக்கும்னு நம்ம எல்லார் மனசுலயும் ஒரு நினைப்பு இருக்கும் இல்லையா? தேட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அந்த நினைப்புல மண்ணு விழுந்துது.

இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கத்துல விண்டர்போர்ன் வியூன்னு ஒரு தனியார் மருத்துவமனை இருந்துது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம் இருக்கறவங்களுக்கானது. 24 படுக்கை. ஒரு ஆளுக்கு வாரத்துக்குச் சராசரியா 3,500 பவுண்ட், அரசாங்கப் பணம். நம்ம ஊர் மாதிரி காசு இல்ல, ஆள் இல்லன்னு சொல்ல வழியே இல்லாத இடம்.

அங்க டெர்ரி ப்ரையன்னு ஒரு சீனியர் நர்ஸ். 2010 அக்டோபர்ல, இங்க ஊழியர்கள் நோயாளிகளை மோசமா நடத்தறாங்கன்னு தன் மேனேஜருக்கு மெயில் போட்டார். அது உள்ளூர் கவுன்சிலுக்குப் போச்சு. அங்கிருந்து கேர் குவாலிட்டி கமிஷனுக்கும் போச்சு. நாட்டுல இருக்கற எல்லாப் பராமரிப்பு இடங்களையும் கண்காணிக்கறதுக்குன்னே இருக்கற அமைப்பு அது. ஒண்ணும் நடக்கல. மனுஷன் நேராவே கமிஷனைத் தொடர்பு கொண்டார். அப்பவும் நடக்கல. கடைசில பிபிசியோட பனோரமா நிகழ்ச்சிக்குப் போனார். அவங்க ஜோ கேஸிங்கற நிருபரை ஊழியர் மாதிரி வேலைக்குச் சேர வெச்சாங்க. உடம்புல ரகசியக் கேமராவோட அஞ்சு வாரம் வேலை பார்த்தார். 2011 மே 31 ராத்திரி ஒளிபரப்பாச்சு.

அதுல இருந்த காட்சியை எல்லாம் இங்க விவரிக்கப் போறதில்ல. அறையறது, தரையில இழுத்துட்டுப் போறது, நாற்காலியை மேல போட்டு அமுக்கறது, துணியோட ஷவர்ல நிக்க வெச்சுட்டு அப்படியே குளிர்ல வெளிய விடறது. போதும். அடுத்த மாசமே இடத்தை இழுத்து மூடினாங்க. 11 ஊழியர்கள் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. 2012 அக்டோபர்ல தண்டனை, ஆறு பேருக்கு ஜெயில். கமிஷனும் தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டுது.

இதுல என்னைத் தூக்கி வாரிப்போட்டது வீடியோ இல்ல. அதுக்கு அப்புறம் 2012 ஆகஸ்ட்ல வந்த ஆய்வறிக்கை. மார்கரெட் ஃப்ளின்ங்கறவங்க எழுதினது. வீடியோ வர்றதுக்கு முன்னாடியே, சில வருஷத்துல, அந்த ஒரு இடத்தைப் பத்தி மட்டும் கவுன்சிலுக்கு 40 எச்சரிக்கைத் தகவல் போயிருக்கு. போலீசுக்கு 29 சம்பவம் போயிருக்கு. 2010ங்கற ஒரே வருஷத்துல 379 தடவை நோயாளிகளைப் பலவந்தமா பிடிச்சு அடக்கினதா அவங்க ரெக்கார்டுலயே இருக்கு. எதுவுமே ரகசியம் இல்ல மக்களே. எல்லாம் பேப்பர்ல இருந்துது. ஒவ்வொண்ணையும் தனித்தனி சம்பவமாப் பார்த்து, தனித்தனியா முடிச்சு வெச்சிருக்காங்க.

பொட்டி தட்டறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரே மாட்யூல் மேல 40 டிக்கெட் வருது. ஒவ்வொரு டிக்கெட்டும் ஒவ்வொருத்தர் கைக்குப் போகுது. ஒவ்வொருத்தரும் "என் மெஷின்ல அந்தப் பிரச்சனை வரல"ன்னு எழுதி க்ளோஸ் பண்றாங்க. 40 டிக்கெட்டையும் ஒரே ஸ்க்ரீன்ல வெச்சுப் பார்க்கறது யாரோட வேலையும் இல்ல. அதை விடக் கொடுமை, சில டிக்கெட்டை விசாரிச்சு ரிப்போர்ட் குடுக்கச் சொல்லி அந்த மாட்யூலை எழுதினவன் கிட்டயே அனுப்பறாங்க. நம்ம ஆபீஸ்ல இப்படி நடந்தா ப்ரொடக்‌ஷன் படுக்கும், திட்டு வாங்குவோம், அவ்வளவுதான். அங்க விழுந்தது அடி.

"ஆதாரம் இருக்கா?"ங்கற கேள்வி கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா சாட்சி சொல்ல முடியாதவங்கன்னு நாமளே முடிவு பண்ணின ஆளுங்க மட்டுமே இருக்கற இடத்துல, கதவுக்குப் பின்னாடி நடக்கற ஒரு சம்பவத்தை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டா, பதில் எப்பவுமே "இல்ல"தான். பதில் முன்னாடியே தெரிஞ்ச கேள்வியைக் கேக்கறதுக்குப் பேர் விசாரணையா?

நியாயமா என்ன கேக்கணும்? அந்த ஷிஃப்ட்ல ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? இதுக்கு முன்னாடி யாருக்கெல்லாம் காயம், எந்தக் கிழமை, எந்த நேரம், அப்ப யார் டூட்டி? காயத்தை எந்த டாக்டர் பார்த்தார், போட்டோ எடுத்தாங்களா? இதெல்லாம் பெரிய துப்பறியும் வேலை இல்ல சார். ரெஜிஸ்டரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா வர்ற விஷயம்.

அடுத்தது, பாதிக்கப்பட்ட ஆளையே கேக்கறது. "அவனுக்குப் பேச வராதே, அவனை என்ன கேக்கறது?"ன்னுதான் எங்க நிர்வாகியும் சொன்னார். பேச வராதவங்க சொல்றதையும் நம்ம சட்டம் சாட்சியா ஏத்துக்குதுங்கறது எனக்கே இப்பதான் தெரியும். வாயால பேச முடியாதவங்க எழுத்து மூலமோ செய்கை மூலமோ சாட்சி சொல்லலாம்ங்கறது பழைய சாட்சியச் சட்டத்துலயே உண்டு. 2013 திருத்தத்துல, அதுக்குச் சிறப்பாசிரியரோ மொழிபெயர்ப்பாளரோ உதவணும், வீடியோவும் எடுக்கணும்னு சேர்த்தாங்க. 2024 ஜூலைல இருந்து நடைமுறைல இருக்கற பாரதிய சாக்ஷிய அதிநியத்துலயும் அது அப்படியே இருக்கு. 2021ல உச்ச நீதிமன்றம், பார்வையில்லாத ஒரு பெண்ணோட வழக்குல (பட்டான் ஜமால் வலி வழக்கு), மாற்றுத்திறனாளி சொல்ற சாட்சியத்தை ஒரு படி கீழானதா நினைக்கக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லியிருக்கு. கொலைக் கேஸ் நடத்தற கோர்ட்டே ஏத்துக்கத் தயாரா இருக்கற ஒரு விஷயத்தை, ஒரு இல்லத்தோட ஆபீஸ் ரூம்ல "அவனை என்ன கேக்கறது"ன்னு ஒரே வரில தள்ளிடறோம்.

தம்பியோட பழைய ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க. படம் போட்ட அட்டைகளை வெச்சு அவன் கிட்ட அரை மணி நேரம் பேசுவாங்க, ஆமா, பேசுவாங்கதான். பசி, வலி, பிடிக்கல, வேணும், யாரு. இவ்வளவும் அவனுக்கு அட்டையில தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் அவங்க சொன்னாங்க: "அவர் அடிச்சாரா?"ன்னு கேட்டா தலையாட்டிடுவான், "அடிக்கலையா?"ன்னு கேட்டாலும் தலையாட்டிடுவான். அதனால கேள்வியில பதிலை வெக்கக் கூடாது, அவனையே அட்டையை எடுக்க விடணும். இது தெரியாத ஆள் எவ்வளவு நல்ல மனசோட கேட்டாலும் கெடுத்துடுவாங்க. நான் உள்பட. அன்னிக்கே நான் தம்பி கிட்ட நாலு தடவை அந்த ஆளைக் காட்டி "இவரா? இவரா?"ன்னு கேட்டு வெச்சிருக்கேன். இப்ப நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு.

இதுக்கு நடுவுல ஊழியர்கள் பக்கத்தையும் சொல்லணும். நான் பார்த்த வரைக்கும் அங்க வேலை பார்க்கறவங்க பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்து ஆளுங்க. 12 மணி நேர ஷிஃப்ட், கையில வர்றது சொற்பம். குளிப்பாட்டறது, மலம் அள்றது, கடி வாங்கறது எல்லாம் அவங்கதான். எந்தப் பயிற்சியும் கிடையாது. கோவத்துல ஓடப் பார்க்கிற ஒரு 24 வயசுப் பையனைத் தடுக்கணும்னா எங்க பிடிக்கணும், எங்க பிடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லித் தரல. தம்பி கையில இருந்த தடம் அப்படியும் வந்திருக்கலாம். இதையும் ஒழுங்கான விசாரணைதான் சொல்லணும். "ஆதாரம் இல்லை"ன்னு முடிச்சதால அந்த மூணு பேர் மேலயும் இன்னிக்கு வரைக்கும் சித்திக்குச் சந்தேகம். ஒருவேளை மூணு பேருமே நிரபராதியா இருந்தா, அவங்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்!

விண்டர்போர்ன்லயும் இந்தக் கேள்வி வந்துது. ஜெயிலுக்குப் போனது எல்லாம் கீழ்மட்டத்து ஆளுங்க. இடத்தை நடத்தின கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தச் சரியான சட்டம் இல்ல. 2015லதான் அங்க புதுச் சட்டம் போட்டு, ஊழியர் கொடுமைப்படுத்தினா ஒரு குற்றம், நிர்வாகத்தோட அலட்சியத்தால அது நடந்தா நிர்வாகத்து மேலயும் தனியா ஒரு குற்றம்னு கொண்டு வந்தாங்க. அதோட சரியாப் போச்சான்னு கேட்டா, அதுவும் இல்ல. 2019ல டர்ஹம் பக்கம் வோர்ல்டன் ஹால்னு இன்னொரு இடம், மறுபடியும் பனோரமா, மறுபடியும் ரகசியக் கேமரா. 2023ல நாலு ஊழியர்கள் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. அந்த இடத்தைப் பத்தி 2015லயே கமிஷனோட சொந்த இன்ஸ்பெக்டரே மோசமா ஒரு அறிக்கை எழுதிக் குடுத்திருக்கார். அதை அப்ப வெளியிடவே இல்ல! எங்க போய் முட்டிக்கறது?

"எல்லா இடத்துலயும் சிசிடிவி வைக்கணும்"னு நிச்சயம் யாராவது பின்னூட்டத்துல சொல்வீங்க. எங்க இல்லத்துலயும் இருக்குங்க. கேட்ல ஒண்ணு, வராண்டாவுல ரெண்டு. பாத்ரூம்ல வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ரெக்கார்டிங் 15 நாள்தான் இருக்கும், நாங்க கேக்கும்போது 17 நாள் ஆச்சுன்னாங்க. கேமரா வேண்டாம்னு சொல்லல. அதை யார் பார்க்கறாங்க, எப்பப் பார்க்கறாங்கங்கறதுதான் விஷயம்.

நம்ம ஊர்க் கதை தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் தீயில செத்தாங்க. அவங்களைச் சங்கிலில கட்டியிருந்தது யாருக்கும் தெரியாத விஷயமா? ஏர்வாடிக்குப் போய் வந்த அத்தனை பேரும் பார்த்திருப்பாங்க. சாவு விழுந்ததுக்கு அப்புறம்தான் உச்ச நீதிமன்றம் தானா கையில எடுத்துச்சு. யாரையும் எந்த வகையிலும் சங்கிலில கட்டக் கூடாதுன்னு சட்டத்துல நேரடியா எழுத 2017 மனநலச் சட்டம் வரைக்கும் ஆச்சு. அப்புறம் 2023 பிப்ரவரில விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரம விவகாரம். அங்க சேர்த்துவிட்ட ஒரு பெரியவரைக் காணோம்னு சொந்தக்காரங்க விடாம ஹைகோர்ட் வரைக்கும் போனதாலதான் மத்த புகார்கள் எல்லாம் வெளிய வந்துச்சு. கேக்கறதுக்கு ஆள் இருந்ததால வந்துச்சு. கேக்க ஆள் இல்லாதவங்க கதி?

என் சித்திக்குக் கேக்க வாய் இருக்கு. ஆனா பயம். அந்தப் பயம் நியாயமான பயம்ங்கறதுதான் கொடுமை. வயசு வந்த, பேச்சு வராத பையனைச் சேர்த்துக்கற இடம் நம்ம ஊர்ல எத்தனை இருக்கு? நாங்க ஏழு இடத்துக்குப் போன் பண்ணிப் பார்த்துட்டோம். ரெண்டு இடம் 18 வயசுக்கு மேல எடுக்க மாட்டோம்னாங்க. ஒரு இடத்துல டெபாசிட் மட்டும் மூணு லட்சம். மத்த இடத்துல காத்திருப்போர் பட்டியல். இந்த நிலைமைல புகார் குடுக்கற அம்மாவோட கையில துருப்புச் சீட்டு எதுவும் இல்ல. அதனாலதான் சொல்றேன், விசாரணையை இல்லம் நடத்தவே கூடாது. எவ்வளவு நல்ல இல்லமா இருந்தாலும் சரி. "உங்க பையனைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லக் கூடிய ஆள் முன்னாடி உக்காந்து எந்த அம்மாவும் முழு உண்மையைப் பேச மாட்டாங்க.

சட்டத்துல வழி இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாவது பிரிவு. கொடுமை நடந்துது, நடக்குது, இல்ல நடக்கலாம்னு நம்பக் காரணம் இருந்தாலே போதும், யார் வேணும்னாலும் அந்தப் பகுதி நிர்வாக நடுவர் கிட்டத் தகவல் குடுக்கலாம். அதாவது ஆதாரம் கையில வெச்சுக்கிட்டுப் போகணும்னு இல்ல. அம்மா அப்பாவாத்தான் இருக்கணும்னும் இல்ல. போலீஸ் கிட்டப் போனா, இப்படி நடுவர் கிட்டப் போகலாம், இலவசச் சட்ட உதவி உண்டுன்னு எல்லாம் அவங்க எடுத்துச் சொல்லியாகணும். 92வது பிரிவுல தண்டனையும் இருக்கு. பொறுப்புல இருக்கற ஆள் வேணும்னே சோறு தண்ணி குடுக்காம விட்டாலும், கை காலுக்கோ ஊன்றுகோல் மாதிரி சாதனத்துக்கோ வேணும்னே சேதம் பண்ணினாலும், ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும். இவ்வளவு இருந்தும், நான் கேட்ட வக்கீல் நண்பனுக்கே ஏழாவது பிரிவு தெரியல. "இருடா பார்த்துட்டுச் சொல்றேன்"னான். அவனைக் குத்தம் சொல்லல, எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது.

சித்தியை ஒரு வழியா சம்மதிக்க வெச்சேன். இல்ல, அது பொய். சம்மதிக்கல. "உன் பேர்ல குடு, என் பேர் வேண்டாம்"னாங்க. யார் வேணும்னாலும் குடுக்கலாம்ங்கறதால என் பேர்லயே கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல். யாரையும் தண்டிக்கச் சொல்லிக் கேக்கல. மூணே விஷயம்: வெளி ஆள் விசாரிக்கணும், தம்பியை அந்தப் பழைய டீச்சரை வெச்சுக் கேக்கணும், ரெண்டு வருஷத்துக் காய ரெஜிஸ்டரை மொத்தமா எடுத்துப் பார்க்கணும். ரசீது குடுத்தாங்க. பதினாறு நாள் ஆச்சு. நாளைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுட்டு மறுபடியும் போறேன்.

சித்தி இப்ப 80 பக்க நோட்டு ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு ஞாயிறும் போயிட்டு வந்து தேதி போட்டு எழுதறாங்க. எடை, நகம் வெட்டியிருக்கா, உடம்புல தடம் இருக்கா, யார் டூட்டி. போன வாரம் எழுதினது: "புதுத் தடம் இல்லை. வலது முட்டியில் சிராய்ப்பு, விளையாடும்போது விழுந்ததாகச் சொன்னார்கள், நம்பும்படி இருக்கிறது. சாப்பிட்டான். கிளம்பும்போது முந்தானையை விடவில்லை."

உங்க ஊர்ப் பக்கம் ஏழாவது பிரிவுல யாராவது மனு குடுத்து, அது நகர்ந்திருந்தா, எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. இல்லத்தோட பேரை மட்டும் ஊகம் பண்ணி எழுத வேண்டாம், அப்படி வந்தா பப்ளிஷ் பண்ண மாட்டேன். தம்பி இன்னும் அங்கதான் இருக்கான்.